யூஇஎஃப்ஐ கணினியில் டெபியன் லினக்ஸ்: நிறுவுவது முதல் பூட் ஆவது வரை

எல்லாம் முடிந்தது என்று இன்ஸ்டாலர் சொல்கிறது. பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி விண்டோஸ் வந்து நிற்கிறது. இல்லாவிட்டால் கறுப்புத் திரையில், லினக்ஸை ஏற்றிவிடும் புரோகிராமின் பெயரான க்ரப் என்ற ஒற்றைச் சொல், பக்கத்தில் மினுக்கும் கர்சர். லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிற பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். நானும் ஒரு ராத்திரி முழுக்க இப்படியொரு திரையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். விடிகிற நேரத்தில் காரணம் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது: இன்ஸ்டாலரையே தவறான முறையில் பூட் செய்திருந்தேன்.

இங்கே லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை வைத்துச் சொல்கிறேன். உபுண்டு, மின்ட், ஃபெடோரா எதுவானாலும் திரைகள் மாறும், அடிப்படை மாறாது. கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பது

முதலில் ஓடுவது மதர்போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற புரோகிராம். பழைய கணினிகளில் அது பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. பழைய பயாஸுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்கின் முதல் 512 பைட்டை அப்படியே மெமரியில் ஏற்றி ஓடவிடும். அதில் 446 பைட்தான் புரோகிராமுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை (பார்ட்டிஷன் என்பது டிஸ்கைப் பிரித்த பகுதி), கடைசி 2 பைட் முத்திரை. 446 பைட்டுக்குள் என்ன பெரிதாக எழுதிவிட முடியும்? அதனால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிவிடும் புரோகிராம்களான பூட் லோடர்கள் தங்கள் மீதிப் பகுதியை டிஸ்கின் சந்துபொந்துகளில் ஒளித்துவைத்துப் பிழைத்தன.

யூஇஎஃப்ஐக்கு ஃபைல் தெரியும். 1990களின் பிற்பகுதியில் இன்டெல் தன் இட்டானியம் கணினிகளுக்காகத் தொடங்கிய வேலை இது; 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பின் கைக்குப் போனது. ஃபேட் வகையில் ஃபார்மட் செய்த பார்ட்டிஷனை இது தானே திறந்து படிக்கும். அதிலிருக்கும் இஎஃப்ஐ ஃபைலை ஒரு சாதாரண புரோகிராமைப் போல ஓட்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டே சங்கதி. ஒன்று, டிஸ்கில் இருக்கும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். சுருக்கமாக இஎஸ்பி. பூட் லோடர் ஃபைல்கள் குடியிருப்பது இதில்தான். இன்னொன்று, மதர்போர்டின் என்விராம் என்ற சிறு மெமரியில் இருக்கும் பூட் என்ட்ரிகள். 'இந்த டிஸ்க், இந்தப் பார்ட்டிஷன், இந்த ஃபோல்டரில் இந்த ஃபைல்' என்று ஒவ்வொரு என்ட்ரியும் சொல்லும். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையும் கூடவே இருக்கும்.

ஆக, வீடு டிஸ்கில் இருக்கிறது, விலாசம் மதர்போர்டில் இருக்கிறது. வீடு இடிந்தாலும் பூட் ஆகாது, விலாசம் தொலைந்தாலும் பூட் ஆகாது. யூஇஎஃப்ஐ பூட் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் போய் முடிகின்றன.

விலாசமே இல்லாத நிலைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. இஎஸ்பிக்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற இஎஃப்ஐ ஃபைல். இந்த இடத்தை ஃபர்ம்வேர் தானாகவே தேடிப் பார்க்கும். முன்பின் பார்த்திராத பென்டிரைவ் எந்தக் கணினியிலும் பூட் ஆவது இப்படித்தான். இதை மாற்றுப் பாதை என்று வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

படி 1: விண்டோஸில் செய்ய வேண்டியவை

காலி டிஸ்கில் நிறுவுகிறவர்கள் இதைத் தாண்டிவிடலாம். விண்டோஸும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால், முதலில் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்கில் பேக்கப் எடுங்கள். எல்லா வழிகாட்டியிலும் இருக்கிற வரிதான். எல்லோரும் தாண்டிப் போகிற வரியும் இதுதான்.

அப்புறம் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் ஜன்னலைத் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்று இருந்தால் லினக்ஸையும் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவ வேண்டும். லெகசி என்று இருந்தால் அந்த விண்டோஸ் பழைய முறையில் நிறுவப்பட்டது. லினக்ஸையும் பழைய முறையிலேயே நிறுவுங்கள்; கீழே வரும் படிகள் யூஇஎஃப்ஐ முறைக்கானவை. ஒரே டிஸ்கில் இரண்டு முறைகளைக் கலப்பதுதான் நான் செய்த தவறு.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் நாம் கேட்காமலே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். ஃபர்ம்வேரில் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள பூட் லோடரை மட்டும் ஓடவிடும் ஏற்பாடு) போன்ற எதையாவது மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்த எண்ணை முன்பே எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கணினிக்குள்ளேயே சாவியைச் சேமித்துவைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்தப் பார்ட்டிஷனில் லினக்ஸிலிருந்து எழுத முடியாது. கடைசியாக டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது காலி இடம் விடுங்கள். அதில் புதிய பார்ட்டிஷன் எதுவும் உருவாக்க வேண்டாம், வெறும் இடமாக இருக்கட்டும்.

படி 2: பென்டிரைவ்

டெபியன் தளத்திலிருந்து நெட்இன்ஸ்ட் இமேஜை (இன்ஸ்டாலர் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்குங்கள். டெபியன் 12 முதல் வைஃபை சிப் போன்றவற்றுக்குத் தேவையான ஃபர்ம்வேர் ஃபைல்கள் அதிகாரபூர்வ இமேஜிலேயே இருக்கின்றன. முன்போல அதைத் தேடித் தனியாக அலைய வேண்டாம். இறக்கிய ஃபைலின் கைரேகை போன்ற ஷா512 எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் சிதைந்த இமேஜ் இன்ஸ்டாலர் ஓடும்போது எங்கேயாவது புரியாத இடத்தில் காலை வாரும்.

எப்போதும் புதிய இமேஜையே எடுங்கள், அலமாரியில் கிடக்கும் பழைய பென்டிரைவ் வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ஓட்டை உள்ள பழைய பூட் லோடர்களைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் செக்யூர் பூட் போட்டிருந்த பல கணினிகளில் லினக்ஸும் பழைய பென்டிரைவ்களும் பூட் ஆக மறுத்தன.

விண்டோஸில் ரூஃபஸ் என்ற புரோகிராம் கொண்டு இமேஜைப் பென்டிரைவில் எழுதினால், கேட்கும்போது டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் டிடி கட்டளையே போதும். ஆனால் எழுதுவது முழு டிரைவின்மேல். எஸ்டிபி1 என்று கடைசியில் எண்ணோடு போகாமல் எஸ்டிபி என்று மட்டும் கொடுக்க வேண்டும். எது பென்டிரைவ் என்பதை எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவை வைத்து இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிடி எதையும் திருப்பிக் கேட்காது.

படி 3: ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்

கணினியைப் போட்டதும் எஃப்2 அல்லது டெலீட் கீயை அழுத்தினால் உள்ளே போகலாம். தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி கீ மாறும். உள்ளே சிஎஸ்எம் அல்லது லெகசி பூட் என்று ஒன்று இருந்தால் அணையுங்கள். பழைய பயாஸைப் போல நடிப்பதுதான் அதன் வேலை. அது போட்டிருக்கும்வரை தவறான முறையில் பூட் ஆகும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும்.

செக்யூர் பூட்டை அணைக்க வேண்டுமா? பழைய குறிப்புகள் பலவும் முதல் வேலையாக அணைக்கச் சொல்லும். டெபியனுக்கு அது தேவையில்லை. 2019இல் வந்த டெபியன் 10 முதல் செக்யூர் பூட் ஆதரவு உண்டு. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு புரோகிராமை ஃபர்ம்வேர் நம்புகிறது. டெபியன் கையொப்பமிட்ட க்ரப்பை ஷிம் நம்புகிறது. அதே கையொப்பமுள்ள கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் புரோகிராமை, க்ரப் ஏற்றுகிறது. ஒருவர் கைகாட்டி அடுத்தவரை உள்ளே விடுகிற ஏற்பாடு. சில புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட்டின் 'தேர்ட் பார்ட்டி' சான்றிதழை நம்பலாமா என்று தனி ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டால்தான் ஷிம் ஓடும். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, ஆர்ச் லினக்ஸின் இன்ஸ்டாலர் ஆகியவற்றுக்கு இப்படிக் கையொப்பம் கிடையாது. அவற்றை நிறுவுகிறவர்கள் செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும்.

டிஸ்கை அணுகும் முறையைச் சொல்லும் ஸ்டோரேஜ் பகுதியில் ரெய்ட் அல்லது விஎம்டி என்று இருந்தால், இன்ஸ்டாலருக்கு டிஸ்க் கண்ணில் படாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் மட்டும் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் இருக்கும் கணினியில் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்து, ரீஸ்டார்ட் செய்யும்போது ஃபர்ம்வேரில் மாற்றி, சேஃப் மோடுக்குள் ஒருமுறை போய் வந்து, பிறகு அந்த அமைப்பை நீக்க வேண்டும்.

படி 4: இன்ஸ்டாலர் எந்த முறையில் வந்திருக்கிறது?

பென்டிரைவைச் செருகி, பூட் மெனுவைத் திறங்கள். பல கணினிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்11, எஃப்9, எஸ்கேப். சிஎஸ்எம் உள்ள கணினிகளில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். என் அந்த ராத்திரி முழுவதும் வீணானது இந்த ஒரு வரியைக் கவனிக்காததால்தான்.

டெபியனின் முதல் திரையிலேயே தலைப்பில் யூஇஎஃப்ஐ இன்ஸ்டாலர் மெனு என்றோ பயாஸ் என்றோ எழுதியிருக்கும். சந்தேகம் தீராவிட்டால், இன்ஸ்டாலர் தொடங்கியபின் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி வரும் ஷெல்லில், சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சரியான பாதை. இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள். இந்த இடத்தில் திரும்பினால் ஐந்து நிமிட நஷ்டம்தான்.

படி 5: பார்ட்டிஷன்

மொழி, கீபோர்ட், நெட்வொர்க், பாஸ்வேர்ட் எல்லாம் கேட்டதற்குப் பதில் சொன்னாலே போதும். கிராஃபிகல் இன்ஸ்டாலரில் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. நிதானம் தேவைப்படுவது பார்ட்டிஷன் திரையில்.

டிஸ்க் முழுக்க டெபியனுக்கே என்றால் 'கைடட், முழு டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இஎஸ்பி, டெபியன் குடியிருக்கும் ரூட், ராம் போதாதபோது உதவும் ஸ்வாப் மூன்றையும் அதுவே ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையில் போட்டுக்கொள்ளும். லேப்டாப்பாக இருந்தால் என்க்ரிப்ஷன் உள்ள தேர்வை எடுங்கள். லேப்டாப் தொலைந்துபோகிற பொருள்.

விண்டோஸ் பக்கத்தில் இருந்தால் மேனுவல் முறையே என் தேர்வு, என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பட்டியலில் ஏற்கெனவே ஒரு இஎஸ்பி இருக்கும். விண்டோஸ் போட்டது, பெரும்பாலும் 100 எம்பி. அதையே பயன்படுத்துங்கள், ஃபார்மட் மட்டும் செய்யாதீர்கள். ஃபார்மட் செய்தால் விண்டோஸின் பூட் லோடரும் சேர்ந்து போகும். ஒரே இஎஸ்பியில் பல சிஸ்டங்கள் தனித்தனி ஃபோல்டரில் தாராளமாகக் குடியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், டெபியன் என்று ஒரு ஃபோல்டர்.

100 எம்பி போதுமா என்ற கேள்வி வரும். க்ரப்போடு போகும் டெபியனுக்குப் போதும், ஏனென்றால் இஎஸ்பியில் ஷிம்மும் க்ரப்பும்தான் இருக்கும், சில எம்பிதான். கர்னல் ரூட் பார்ட்டிஷனில் இருக்கிறது. சிஸ்டம்டி-பூட் என்ற வேறொரு பூட் லோடர் மாதிரி கர்னலையே இஎஸ்பியில் வைக்கும் ஏற்பாட்டுக்குப் போனால் 100 எம்பி சீக்கிரம் நிரம்பிவிடும். புதிதாக உருவாக்குகிறவர்கள் 1 ஜிபி கொடுத்துவிடுங்கள், பிற்பாடு பெரிதாக்குவது தலைவலி.

காலி இடத்தில் ரூட்டுக்கு ஒரு பார்ட்டிஷன், எக்ஸ்ட்4 வகையில். ஸ்வாப்புக்கு 4 ஜிபியோ 8 ஜிபியோ. ஹைபர்னேட் வேண்டும் என்றால் ராம் அளவாவது. உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோமைத் தனியாகப் பிரிப்பது உங்கள் விருப்பம். நான் பிரிப்பதில்லை; எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடந்ததுதான் என் அனுபவம். எழுதுவதற்கு முன் இன்ஸ்டாலர் காட்டும் கடைசிப் பட்டியலில் எவையெல்லாம் ஃபார்மட் ஆகப் போகின்றன என்பதை வரி வரியாகப் படியுங்கள். இஎஸ்பி அதில் இருந்தால் பின்வாங்குங்கள்.

கணினியில் இரண்டு டிஸ்க் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. டெபியனை இரண்டாவது டிஸ்கில் நிறுவினாலும், அதன் பூட் ஃபைல்கள் முதல் டிஸ்கின் இஎஸ்பிக்குப் போய்விடலாம். பின்னாளில் முதல் டிஸ்கைக் கழற்றினால் டெபியனும் பூட் ஆகாது. இரண்டாவது டிஸ்கிலேயே ஒரு இஎஸ்பி போட்டு, முதல் டிஸ்கின் இஎஸ்பியைப் 'பயன்படுத்த வேண்டாம்' என்று குறித்துவிடுங்கள்.

படி 6: க்ரப்பும் முதல் பூட்டும்

பயாஸ் முறையில் 'பூட் லோடரை எந்த டிஸ்கில் எழுதட்டும்' என்று இன்ஸ்டாலர் கேட்கும். யூஇஎஃப்ஐயில் அந்தக் கேள்வி கிடையாது. அது கேட்டால் நீங்கள் தவறான முறையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இங்கே ஷிம், க்ரப் ஃபைல்கள் இஎஸ்பியின் டெபியன் ஃபோல்டரில் போடப்பட்டு, என்விராமில் டெபியன் என்ற பெயரில் என்ட்ரி எழுதப்படும். வீடும் விலாசமும் ஒரே நேரத்தில்.

ரீஸ்டார்ட் செய்ததும் க்ரப் மெனு வந்தால் முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது. மெனுவில் விண்டோஸ் இல்லையே என்று பதற வேண்டாம். மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் என்ற துணைப் புரோகிராமைப் புதிய க்ரப் தானாக ஓட்டுவதில்லை. இடிசி ஃபோல்டரில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் க்ரப் ஃபைலில் அதைத் தடுக்கும் வரியை ஃபால்ஸ் என்று மாற்றி, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டுங்கள். அதைச் செய்யாவிட்டாலும் ஃபர்ம்வேரின் பூட் மெனுவிலிருந்து விண்டோஸுக்குப் போகலாம்.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், ரூட் (நிர்வாகி) உரிமையோடு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது. கடைசி மூன்றெழுத்தைப் பார்த்ததும் நமக்கெல்லாம் வேறு யாரோ நினைவுக்கு வருவார்; இங்கே அது மேனேஜரின் சுருக்கம்தான். இப்போது எந்த என்ட்ரி வழியாக வந்தோம், வரிசை என்ன, என்னென்ன என்ட்ரிகள் இருக்கின்றன என்று நாலு இலக்க எண்களோடு பட்டியலிடும். அந்தப் பட்டியலைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இஎஸ்பி முழுவதையும் வேறிடத்தில் ஒரு நகலாக எடுத்து வைப்பதும் நல்லது.

செக்யூர் பூட் போட்டிருக்கும்போது என்விடியா டிரைவர் மாதிரி வெளியிலிருந்து வரும் கர்னல் மாட்யூலை நிறுவினால், அதற்கு டெபியனின் கையொப்பம் இருக்காது. உங்கள் கணினியே ஒரு சாவி உருவாக்கிக் கையொப்பமிடும். அந்தச் சாவியை ஷிம்மிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்காக ஒரு பாஸ்வேர்ட் கேட்கப்படும், அடுத்த பூட்டில் ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது கீயை அழுத்தி 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். எதோ பிழை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், பிறகு டிரைவர் வேலை செய்யவில்லை என்று புலம்புவார்கள்.

பூட் ஆகவில்லையா?

எங்கே நின்றது என்பதை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம்.

நேராக விண்டோஸுக்குப் போனால் விலாசத்தில் கோளாறு. ஃபர்ம்வேருக்குள் பூட் வரிசையில் டெபியனை மேலே கொண்டுவாருங்கள். லினக்ஸுக்குள் நுழைய முடிந்தால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளைக்கு ஓ என்ற ஆப்ஷனோடு வரிசையைக் கொடுத்தும் மாற்றலாம். சில ஃபர்ம்வேர்கள் பிடிவாதக்காரர்கள். நாம் எழுதும் என்ட்ரியை ஒவ்வொரு பூட்டிலும் அழித்துவிட்டு, மாற்றுப் பாதையை மட்டுமே பார்க்கும். அதற்கு டெபியனில் தீர்வு இருக்கிறது: க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 பேக்கேஜை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கொண்டு மறுபடி அமைக்கும்போது, ரிமூவபிள் மீடியா பாதையிலும் நகல் போடட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொன்னால் மாற்றுப் பாதையிலும் க்ரப் வந்துவிடும்.

'செக்யூரிட்டி வயலேஷன்' என்ற வகையில் செய்தி வந்தால் ஃபைலை ஃபர்ம்வேர் கண்டுபிடித்துவிட்டது, கையொப்பத்தைத்தான் நம்பவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போய், ஷிம், க்ரப் பேக்கேஜ்களை அப்டேட் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

க்ரப் என்ற சொல்லும் கர்சரும் மட்டும் நின்றால் சந்தோஷப்படுங்கள், ஃபர்ம்வேர் தன் வேலையை முடித்துவிட்டது. இஎஸ்பியின் டெபியன் ஃபோல்டரில் மூன்று வரியில் ஒரு சிறு கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது. இந்த யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனில் உண்மையான மெனுவைத் தேடு என்று அது க்ரப்பிடம் சொல்லும். ரூட்டை மறுபடி ஃபார்மட் செய்திருந்தால் யூயூஐடி மாறியிருக்கும், க்ரப் திசை தெரியாமல் நிற்கும். எல்எஸ் என்று அடித்தால் டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் அடைப்புக்குறிக்குள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து, பூட் ஃபோல்டருக்குள் க்ரப் ஃபோல்டர் உள்ள பார்ட்டிஷனைக் கண்டுபிடியுங்கள். பிறகு கான்ஃபிக்ஃபைல் என்ற கட்டளையோடு, அங்கே இருக்கும் க்ரப்.சிஎஃப்ஜியின் முழுப் பாதையைக் கொடுத்தால் மெனு வந்துவிடும்.

மெனு வந்து, கர்னலும் ஓடி, இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஷெல்லில் நின்றால் ரூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை. படி 3இல் சொன்ன ரெய்ட், ஏஹெச்சிஐ அமைப்பை யாராவது மாற்றினார்களா, யூயூஐடி மாறியதா என்று பாருங்கள். திரை மட்டும் கறுப்பாக இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர்தான். மெனுவில் இ கீயை அழுத்தி லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து ஒருமுறை பூட் செய்யுங்கள்.

எதுவும் ஒத்துவராவிட்டால் அதே பென்டிரைவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ரெஸ்க்யூ மோட். இதையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும். பயாஸ் முறையில் வந்தால் என்விராமைத் தொடவே முடியாது. ரூட் பார்ட்டிஷனைக் காட்டி, இஎஸ்பியை மவுன்ட் செய்யச் சம்மதித்து, க்ரப்பை மறுபடி நிறுவும் தேர்வை எடுங்கள். ஃபைலும் என்ட்ரியும் இரண்டுமே புதிதாக எழுதப்படும். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியவர்களுக்கும், மதர்போர்டை மாற்றியவர்களுக்கும் இதே வைத்தியம்தான், பழைய விலாசம் பழைய போர்டோடு போய்விட்டதல்லவா.

கடைசியாக, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் பட்டியலில் பழைய என்ட்ரிகள் குப்பையாகச் சேர்ந்திருந்தால் எண்ணைக் கொடுத்து ஒவ்வொன்றாக நீக்கலாம். ஆனால் சிஸ் ஃபோல்டருக்குள் என்விராமைக் காட்டும் இஎஃப்ஐவார்ஸ் ஃபைல்களைக் கையால் அழிக்க ஒருபோதும் இறங்காதீர்கள். 2016இல் அப்படி அந்த ஃபைல்கள் மொத்தமாக அழிந்துபோன சில லேப்டாப்கள் அதன்பின் ஆன் ஆகவே இல்லை. அதையடுத்து அந்த ஃபைல்களை எளிதில் அழிக்க முடியாதபடி கர்னலில் பூட்டு போட்டார்கள். அந்தப் பூட்டை உடைக்கும் கட்டளை இணையத்தில் கிடைக்கத்தான் செய்கிறது; பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.